‘சேல்’ என்று ஃபில்டர் போட்டால் சேலமே காணாமல் போகும்

ஆசிரியருக்கு வணக்கம்.

“மெயில் அனுப்பி மூணு நாளாச்சு” என்பார் பெங்களூரு வியாபாரி. “எங்களுக்கு வரவே இல்லீங்களே” என்பார் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக்கடைக்காரர். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாகத்தான் இருக்கும். கடைசியில் பழி நெட் மேல் விழும். சேலத்துக் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் மலையில் உள்ள எஸ்டேட்டுகளுக்கும் மெயில் சர்வர் பார்த்துக் கொடுப்பவர்கள் என்ற முறையில் சொல்கிறோம்: பெரும்பாலும் நெட் மேல் குற்றம் இல்லை. மெயிலை வாங்கியவரின் சொந்தப் பெட்டியில் யாரோ எப்போதோ போட்டு வைத்த ஃபில்டர்தான், அதாவது ‘இந்தச் சொல் இருந்தால் இப்படிச் செய்’ என்ற வடிகட்டி விதிதான், அதைத் தின்றிருக்கும்.

மெயில் வழியில் தொலைவது அபூர்வம். அனுப்பும் சர்வர், வாங்கும் சர்வரின் கதவைத் தட்டி, கடிதத்தை ஒப்படைத்து, பதில் எண் ஒன்றை வாங்கிக்கொண்டுதான் நகரும். 250 என்று பதில் வந்தால் “பெற்றுக்கொண்டேன், இனி என் பொறுப்பு” என்று பொருள். 4-ல் தொடங்கும் எண் வந்தால் “இப்போது முடியாது, பிறகு வா”. 5-ல் தொடங்கினால் “எடுக்க மாட்டேன்”. உடனே அனுப்பியவருக்கு ‘போய்ச் சேரவில்லை’ என்று தகவல் திரும்பிவிடும். கதவு பூட்டியிருந்தாலும் அனுப்பிய சர்வர் விடாது. பரவலாகப் புழங்கும் போஸ்ட்ஃபிக்ஸ் சர்வர், யாரும் மாற்றி வைக்காதவரை, 5 நாள் வரை திரும்பத் திரும்பத் தட்டிப் பார்க்கும். ஆகவே ஏற்காட்டில் மழைக்கு மரம் சாய்ந்து ஒரு நாள் முழுக்க லைன் அறுந்து கிடந்தாலும் மெயில் எங்கும் போய்விடாது. லைன் வந்ததும் வந்து சேரும்.

தொலைவது, 250 சொல்லி வாங்கி வைத்த பிறகு. ஃபில்டர் அதைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டால் அனுப்பியவருக்கும் தெரியாது, வாங்க வேண்டியவருக்கும் தெரியாது. பதிவுத் தபாலைக் கையெழுத்துப் போட்டு வாங்கி, பிரிக்காமலே அடுப்பில் போடுவது மாதிரி.

நம்ம ஊருக்கென்றே வாய்த்த உதாரணம் ஒன்று இருக்கிறது. தள்ளுபடி விளம்பர மெயில்கள் தொல்லை என்று, ‘சேல்’ என்ற ஆங்கிலச் சொல் இருந்தால் அழித்துவிடு என்று ஒருவர் சிபேனலில் (சொந்தப் பெயரில் வெப்சைட், மெயில் வைத்திருப்பவர்கள் அமைப்புகளை மாற்றும் பக்கம்) ஃபில்டர் போடுகிறார். எஸ், ஏ, எல், இ. அதன் பின்னால் ஓர் எம் சேர்த்துப் பாருங்கள்: சேலம்! சிபேனலில் உள்ள ‘கன்டெய்ன்ஸ்’ (உள்ளே இருந்தால்) என்ற நிபந்தனை சொல்லைப் பார்ப்பதில்லை. எழுத்து வரிசையைத்தான் பார்க்கிறது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமும் அதற்குக் கிடையாது. தலைப்பில் ‘சேலம் லாரி புக்கிங்’ என்று இருந்தால் போச்சு. ‘ஹோல்சேல்’ என்று இருந்தால் போச்சு. ஜவுளி ஊரில் அந்தச் சொல் இல்லாத மெயில் எத்தனை வரும்? நிபந்தனையை ‘பாடி’ (கடிதத்தின் உள்ளடக்கம்) மேல் வைத்திருந்தால், கீழே கையெழுத்தோடு வரும் முகவரியில் ஊர்ப்பெயர் இருந்தாலே காலி. ‘எனி ஹெடர்’ (அனுப்புநர், பெறுநர், தலைப்பு போன்ற மேல்விவரங்களில் எதுவானாலும்) மேல் வைத்து, கடையின் டொமைன் பெயரிலேயே, அதாவது மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வருவதிலேயே, சேலம் இருந்துவிட்டால், வருகிற அத்தனை மெயிலும் காலி. பெறுநர் முகவரியும் ஹெடர்தானே.

லாட்டரி மோசடிக்குப் பயந்து ‘வின்’ என்று போடுபவர்கள் இன்னும் பெரிய வலையை வீசுகிறார்கள். ஆங்கிலத்தில் ‘டிராயிங்’ என்று எழுதிப் பாருங்கள். நடுவில் டபிள்யூ, ஐ, என் மூன்றும் வரிசையாக நிற்கும். லேத் பட்டறைக்கு வரும் டிராயிங் எல்லாம் குப்பைக்குப் போகும். ‘வைண்டிங்’ அப்படித்தான். ‘ஃபாலோயிங்’ என்ற சொல்லும் அப்படித்தான், அது இல்லாத வியாபார மெயிலே கிடையாது.

இது நமக்கு மட்டும் வந்த வினை இல்லை. 1996-ல் ஏஓஎல் என்ற அமெரிக்க இணையச் சேவை நிறுவனத்தின் ஆபாசச் சொல் வடிகட்டி, இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் ஊர்க்காரர்களைக் கணக்கே தொடங்கவிடவில்லை. அந்த ஊர்ப்பெயரின் எழுத்துகளுக்குள் ஒரு கெட்ட வார்த்தை ஒளிந்திருந்ததுதான் காரணம். கிட்டத்தட்ட முப்பது வருடம் ஆகியும் அதே தவறைச் செய்துகொண்டிருக்கிறோம்.

ஜிமெயில் இந்த விஷயத்தில் கொஞ்சம் தேவலை. அது முழுச் சொல்லாகத்தான் பொருத்திப் பார்க்கும். ‘சேல்’ என்று போட்டால் சேலம் சிக்காது. ஆனால் முழுச் சொல்லிலும் பள்ளம் இருக்கிறது. மனை விற்பனை விளம்பரம் தாங்காமல் ‘எஸ்டேட்’ என்ற சொல்லுக்கு ‘டெலிட் இட்’ போட்டால், சேர்வராயன் மலைக் காப்பி எஸ்டேட்டிலிருந்து வரும் மெயிலும் சேர்ந்து போகும். ‘ரியல் எஸ்டேட்’ என்ற இரண்டு சொல்லையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் போட வேண்டும்; அப்போதுதான் அந்தத் தொடர் அப்படியே வந்தால் மட்டும் பிடிக்கும். குறி இல்லாவிட்டால், இரண்டு சொல்லும் மெயிலில் எங்கெங்கோ தனித்தனியாக இருந்தாலும் பிடித்துவிடும். ஏற்காட்டில் காட்டேஜ் நடத்துபவர்கள் ‘ஃப்ரீ’ என்ற சொல்லைத் தொடவே கூடாது: புக்கிங் தளங்கள் அனுப்பும் உறுதி மெயிலில் ‘ஃப்ரீ கேன்சலேஷன்’ என்ற வரி வரும். மே மாத சீசனில் அறை புக்கான சேதியே தெரியாமல், குடும்பத்தோடு மலையேறி வந்தவர் வாசலில் நிற்பார். ‘நோ-ரிப்ளை’ முகவரி எல்லாவற்றையும் அழிப்பவர்களும் உண்டு. பேங்க் ஸ்டேட்மென்ட், ஓடிபி, அரசுத் தளங்களின் அறிவிப்பு எல்லாம் அந்த மாதிரி முகவரியிலிருந்துதான் வருகின்றன.

ஜிமெயிலில் பார்க்க வேண்டிய இடத்தைச் சொல்லிவிடுகிறோம். செல்போன் ஆப்பில் ஃபில்டர் பட்டியல் தெரியாது. கம்ப்யூட்டரில் பிரவுசர் வழியாகத் திறக்க வேண்டும். வலது மேல் மூலையில் பல்சக்கரக் குறி, ‘சீ ஆல் செட்டிங்ஸ்’, அதில் ‘ஃபில்டர்ஸ் அண்ட் பிளாக்டு அட்ரஸஸ்’. மேலே ஃபில்டர்கள், கீழே பிளாக் செய்த முகவரிகள். இரண்டையும் படியுங்கள். பிளாக் செய்த முகவரியிலிருந்து வருவது நேராக ஸ்பேமுக்குப் போகும். போனில் விரல் தவறி நல்ல வாடிக்கையாளரை பிளாக் செய்துவிட்டு, அவர் ஆர்டரை நிறுத்திவிட்டார் என்று வருத்தப்படுபவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு ஃபில்டரின் பக்கத்திலும் அது என்ன செய்கிறது என்று எழுதியிருக்கும். ‘டெலிட் இட்’ என்று இருந்தால் ‘எடிட்’ அழுத்தி, அந்த டிக்கை எடுத்துவிட்டு, ‘அப்ளை தி லேபிள்’ என்பதில் ‘சந்தேகம்’ என்று ஒரு லேபிள் உண்டாக்கிக் கொடுங்கள். ‘ஸ்கிப் தி இன்பாக்ஸ்’ மட்டும் இருந்தால் மெயில் அழியவில்லை, ‘ஆல் மெயில்’ பகுதியில் கிடக்கும். ஆனால் போனில் மணி அடிக்காது. ‘மார்க் ஆஸ் ரீட்’டும் சேர்ந்திருந்தால் படிக்காத எண்ணிக்கையில்கூடக் காட்டாது. இந்த இரண்டும் ஜோடி சேர்ந்தால் அழித்ததற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இன்னொன்று: ‘இதுவோ அதுவோ’ என்று இரண்டு சொல்லுக்கு ஃபில்டர் போடும்போது நடுவில் வரும் ‘ஆர்’ என்ற ஆங்கிலச் சொல் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். சின்ன எழுத்தில் போட்டால் ஜிமெயில் அதையும் தேட வேண்டிய ஒரு சொல்லாக எடுத்துக்கொள்ளும். ‘டஸன்ட் ஹேவ்’ என்ற கட்டத்தை மட்டும் நிரப்பி மற்றதைக் காலியாக விட்டால், அந்தச் சொல் இல்லாத அத்தனை மெயிலும் மாட்டும். ஃபில்டர் போடும் பெட்டியில் ‘சர்ச்’ பொத்தானும் இருக்கிறது. அதை முதலில் அழுத்திப் பாருங்கள். நாளை எதெல்லாம் மாட்டும் என்பதை இதுவரை வந்த மெயில்களே காட்டிக் கொடுக்கும்.

தொலைந்ததைத் தேடும்போது, சாதாரணத் தேடலில் ஸ்பேமும் ட்ராஷும் வராது என்பதை மறக்கக் கூடாது. தேடல் பெட்டியின் வலது ஓரக் குறியை அழுத்தி, கீழே ‘ஆல் மெயில்’ என்று இருப்பதை ‘மெயில் அண்ட் ஸ்பேம் அண்ட் ட்ராஷ்’ என்று மாற்றித் தேட வேண்டும். இரண்டு இடத்திலும் 30 நாள்தான் இருக்கும்; அதன்பின் தானாக அழிந்துவிடும்.

அந்த 30 நாள் தாராளம் என்று தோன்றலாம். ஜிஎஸ்டி கட்டுபவர்களுக்கு அது போதாது. மத்திய ஜிஎஸ்டி சட்டம் 2017, 169-ஆவது பிரிவின்படி, பதிவின்போது கொடுத்த மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பினாலே நோட்டீஸ் சார்வு செய்ததாக (முறைப்படி ஒப்படைத்ததாக)க் கணக்கு. பதிவை ரத்து செய்யும் முன் வரும் ஆர்இஜி-17 நோட்டீஸுக்கு 7 வேலை நாளுக்குள் பதில் கொடுக்க வேண்டும். ட்ராஷில் மெயில் பத்திரமாக இருக்கும், கெடு தாண்டியிருக்கும். கொலுசுப் பட்டறை, தறிக்கூடம் என்று சின்ன அளவில் தொழில் செய்பவர்கள் பலர், பதிவு செய்து கொடுத்தவரின் மெயிலையே கொடுத்துவிட்டு அதோடு மறந்துவிடுகிறார்கள். ஜிஎஸ்டி போர்ட்டலில் எந்த முகவரி இருக்கிறது என்று இந்த வாரமே பாருங்கள். அது உங்கள் கையில் இருக்கிற முகவரியாக இல்லாவிட்டால் மாற்றிக்கொள்ளுங்கள். மெயிலை நம்பி மட்டும் இராமல், போர்ட்டலுக்குள் போய் நோட்டீஸ் பகுதியை வாரம் ஒருமுறை திறந்து பார்ப்பதும் நல்லது.

சொந்த டொமைனில் மெயில் வைத்திருப்பவர்களுக்கு வேறு மூன்று பள்ளங்கள். முதலாவது, சிபேனலில் ‘ஸ்பேம் ஃபில்டர்ஸ்’ பக்கத்தைத் திறந்தால் ஸ்பேம்அசாசின் என்ற நிரல் ஒவ்வொரு மெயிலுக்கும் மதிப்பெண் போடுவது தெரியும். வழக்கமான எல்லை 5. அதைத் தொட்டால் ஸ்பேம். இங்கே எண்ணைக் குறைக்கக் குறைக்கக் கெடுபிடி கூடும்; 1 என்று வைத்தால் ‘ரொம்ப லேசான காவல்’ என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள், அது தலைகீழ். தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்து, உள்ளே எழுத்தே இல்லாமல் ஒரே ஒரு போட்டோ, சுருக்கிய லிங்க்: நம் வியாபாரிகள் விலைப்பட்டியல் அனுப்பும் முறையே மதிப்பெண்ணை ஏற்றிவிடும். அதே பக்கத்தில் ‘ஆட்டோ-டெலிட்’ என்ற ஸ்விட்ச் இருக்கும். அதை அணையுங்கள். ‘ஸ்பேம் பாக்ஸ்’ என்பதைப் போடுங்கள்; ஸ்பேம் அழியாமல் தனி ஃபோல்டரில் சேரும். இத்தோடு வேலை முடியவில்லை. கடையில் அவுட்லுக் ‘பாப்’ முறையில் மெயில் எடுத்தால் அது இன்பாக்ஸை மட்டுமே இறக்கும். ஸ்பேம் ஃபோல்டர் அதன் கண்ணில் படவே படாது. எல்லா ஃபோல்டரையும் காட்டும் ஐமேப் முறைக்கு மாற வேண்டும், அல்லது வாரம் ஒருமுறையாவது பிரவுசர் வழியாக வெப்மெயிலில் போய்ப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, ‘டிஃபால்ட் அட்ரஸ்’. டொமைன் சரியாக இருந்து, அதற்கு முன்னால் உள்ள பெயரைத் தப்பாக அடித்து வரும் மெயிலை என்ன செய்வது என்று அதில் சொல்ல வேண்டும். நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதுவதற்குக் கணக்கே கிடையாது. ‘ழ’வுக்கு ஒருவர் இரண்டெழுத்து போடுவார், ஒருவர் எல் போடுவார். ‘த’வுக்கு டி மட்டுமா, எச்-சும் சேர்த்தா? வடநாட்டு வாடிக்கையாளர் ஓர் எழுத்து மாற்றி அடிப்பது அன்றாடம் நடப்பது. அங்கே ‘டிஸ்கார்ட்’ (சத்தமில்லாமல் தூக்கிப் போடு) என்று இருந்தால் அந்த ஆர்டர் கிணற்றில் போட்ட கல். சிபேனலே அதன் பக்கத்தில் ‘பரிந்துரைக்கப்படவில்லை’ என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறது. அதற்கு மேல் உள்ள, பிழைச் செய்தியோடு திருப்பி அனுப்பும் வழியைத் தேர்ந்தெடுங்கள். வாடிக்கையாளர் உடனே போன் செய்து, “என்னங்க, மெயில் திரும்பி வருது” என்பார். அந்த ஒரு போனுக்காகத்தான் இத்தனையும்.

மூன்றாவது, டொமைன் மெயிலை ஜிமெயிலுக்குத் திருப்பிவிடுவது. கடைகளில் இதுதான் வழக்கம், எங்களுக்கு இதில் உடன்பாடு இல்லை. அனுப்பியவரின் டொமைனுக்காக எந்த சர்வர் மெயில் அனுப்பலாம் என்று எஸ்பிஎஃப் பதிவு சொல்லும். நடுவில் உங்கள் சர்வர் புகுந்து திருப்பும்போது அந்தச் சோதனை தவறிப்போக வாய்ப்பு அதிகம். மிஞ்சுவது, அனுப்பிய சர்வர் மெயிலோடு சேர்த்து அனுப்பும் டிகிம் என்ற டிஜிட்டல் கையொப்பம். மெயிலை ஓர் எழுத்தும் மாற்றாமல் திருப்பினால் அது செல்லும். ஸ்பேம் என்று சந்தேகப்பட்டு தலைப்பின் முன்னால் உங்கள் சர்வர் ஒரு முத்திரை ஒட்டிவிட்டால், தலைப்பு மாறியதால் கையொப்பமும் செல்லாமல் போகும். இந்த இரண்டு சோதனையும் தவறினால் என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் பதிவில் அனுப்பிய டொமைன் ‘ரிஜெக்ட்’ என்று கண்டிப்பாக எழுதி வைத்திருந்தால் ஜிமெயில் கதவை அடைத்துவிடும். பணம், கணக்கு சம்பந்தப்பட்ட மெயில்கள் அடிபடுவது பெரும்பாலும் இப்படித்தான். திருப்பித்தான் ஆக வேண்டும் என்றால், அதே பெயரில் சிபேனலில் ஒரு மெயில் பெட்டியும் உண்டாக்கி வையுங்கள். ஃபார்வர்டர் (திருப்பிவிடும் அமைப்பு) மட்டும் இருந்தால் நகல் இல்லை. பெட்டியும் இருந்தால் ஒரு நகல் அங்கேயே தங்கும்.

இதுவரை சொன்னது நாமே போட்ட ஃபில்டர். யாரும் போடாத ஃபில்டர் ஒன்று பட்டியலில் இருந்தால் கதை வேறு. பாஸ்வேர்டைத் திருடி உள்ளே நுழைபவன் முதலில் செய்கிற வேலைகளில் ஒன்று ஃபில்டர் போடுவது: ‘இன்வாய்ஸ்’, ‘பேமென்ட்’, ‘பேங்க்’ என்ற சொல் உள்ள மெயிலை அழி, அல்லது அவுட்லுக்கில் யாரும் திறக்காத ‘ஆர்எஸ்எஸ் ஃபீட்ஸ்’ ஃபோல்டருக்குத் தள்ளு. பிறகு உங்கள் பெயரில் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு “வங்கிக் கணக்கு மாறிவிட்டது” என்று எழுதுவான். அவர் சந்தேகப்பட்டுக் கேட்கும் பதில் மெயில் உங்கள் கண்ணில் படாது. ஏற்றுமதி செய்பவர்கள் இதை மனதில் வையுங்கள்: பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது, அந்த ஃபில்டர் அப்படியே இருக்கும். ஃபில்டரை நீக்கி, ‘ஃபார்வர்டிங்’ பக்கத்தில் தெரியாத முகவரி இருக்கிறதா என்று பார்த்து, மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறி, இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட வேண்டும். பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே பேச வேண்டும். பொழுது விடியட்டும் என்று இருக்கக் கூடாது.

வெப்சைட், மெயில் இரண்டும் சேர்த்து ஒரே தொகைக்கு முடித்துக் கொடுக்கும் தொழில் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். வேலையை ஒப்படைக்கும்போது, என்னென்ன ஃபில்டர் போட்டிருக்கிறது, டிஃபால்ட் அட்ரஸ் எதில் இருக்கிறது, ஆட்டோ-டெலிட் அணைந்திருக்கிறதா என்று ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுங்கள். சொந்தமாக போஸ்ட்ஃபிக்ஸ் நடத்துபவர்கள், அமைப்பை மாற்றும் நாளில் ‘சாஃப்ட்_பவுன்ஸ்’ என்ற அமைப்பை ‘யெஸ்’ ஆக்கி வையுங்கள். அப்போது தவறாக அடைத்த கதவும் “பிறகு வா” என்றே பதில் சொல்லும். திருத்தியதும் மெயில் வந்துவிடும். வேலை முடிந்ததும் அதை ‘நோ’ ஆக்க மறக்க வேண்டாம்.

ஏற்கெனவே தொலைத்துவிட்டவர்களுக்கு: சிபேனலின் ‘டிஸ்கார்ட்’ தின்றது ட்ராஷில் இருக்காது. பேக்கப்பிலும் இருக்காது, பெட்டிக்குள் வந்திருந்தால்தானே பேக்கப் எடுக்க? ஆனால் வந்த தடம் இருக்கும். சிபேனலின் ‘ட்ராக் டெலிவரி’ பக்கத்தைத் திறந்து, யாரிடமிருந்து எந்த நேரத்தில் வந்தது என்ற பட்டியலைக் குறித்துக்கொண்டு, அதில் இன்பாக்ஸில் இல்லாதவர்களுக்கு மட்டும், “எங்கள் பக்கத்துக் கோளாறு, ‘சென்ட்’ ஃபோல்டரிலிருந்து மறுபடி அனுப்புங்கள்” என்று எழுதலாம். கோளாறான ஃபில்டரை முதலில் எடுத்துவிட்டுத்தான் எழுத வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி வருவதும் அதே வழியில் போகும். அந்தப் பட்டியல் சில நாள்களுக்கு மட்டுமே சர்வரில் இருக்கும். இன்றே எடுங்கள்.

இப்படிக்கு,
மெயில் சர்வர் பராமரிப்பாளர்கள் சிலர்,
ஐந்து ரோடு, சேலம்.